மல்லாந்து படுத்த மாமனார்

நாற்பத்தெட்டு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும், "அதுக்குள்ள நான் ரெண்டு லோடு இறக்கிட்டு வந்திருப்பேனே!" என்றார் மாமனார்.

முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டியவர். கடைசி நாலு வருஷமாகத்தான் இரண்டு கண்ணிலும் பனிமூட்டம். கருவிழியின் உள்பக்கம், நீரை வெளியேற்றும் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய், கருவிழி ஊறிப்போய் மங்கிவிட்டது. முதலில் ஒரு கண்ணில் அந்த உள்தோலை எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவர் கொடுத்த கண்ணிலிருந்து அதே தோலை வைத்தார்கள். தலைமுடித் தடிமனில் கால் பங்குதான் இருக்கும். தையல் கிடையாது. ஒரு காற்றுக் குமிழிதான் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

"குமிழி எப்பவும் மேல போகும், ஐயா. நீங்க மேல பார்த்துப் படுத்தாத்தான் அது தோலைக் கருவிழியோட சேர்த்து அழுத்தும். சாப்பிட, பாத்ரூம் போக மட்டும் எழுந்திருங்க."

முதல் நாள் மகள் லீவு போட்டுக் காவல் இருந்தாள். அவள் போக்குவரத்துப் போலீஸ். அவள் ஒரு பார்வை பார்த்தால் பஸ்ஸே பின்னால் போகும், அப்பா எம்மாத்திரம். மறுநாள் டியூட்டி. காவல் அவள் புருஷன் கைக்கு வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். முந்தின ராத்திரி முழுக்கப் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் நின்றுபோன லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு, கண் சிவக்க வந்திருந்தான்.

"தூங்கிட மாட்டீங்களே?" என்றாள், தொப்பியை மாட்டிக்கொண்டே.

"சேச்சே."

"தூங்கினா எனக்குத் தெரிஞ்சிடும். பொய் சொன்னா உங்க மூஞ்சியிலேயே சிவப்பு விளக்கு எரியும்."

அவள் போன பிறகு மாமனார் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "போயிட்டாளா?"

"போயிட்டா மாமா."

"அப்பாடா. மூச்சு விடலாம்."

இருவரும் சிரித்தார்கள். தலையை அசைக்காமல் சிரிப்பது கஷ்டம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"மாப்ள, கண்ணு சரியானதும் முதல்ல உங்களைத்தான் நல்லாப் பார்க்கணும். கல்யாணத்தப்பவே எனக்கு மூட்டம் ஆரம்பிச்சிடுச்சு. மூக்கும் முழியுமா இருக்காருன்னு பொண்ணு சொன்னா. அதை நம்பித்தான் கட்டிக் கொடுத்தேன்."

"பார்த்துட்டுத் திருப்பி எடுத்துக்காதீங்க மாமா."

"அதெல்லாம் பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவன் அப்பா இல்லாமல் வளர்ந்தவன். நாலு வருஷமாகத் தன் குரலை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, தன்னை இவ்வளவு பிரியமாக நடத்தும் மனுஷன் இவர். இவர் கண்ணுக்குத் தன் முகம் தெரிய வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல், அவனுக்கும் ஆசை இருந்தது.

சாப்பாடு முடிந்தது. மாமனாரைப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் தலையணை அணை கட்டினான். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மின்விசிறி ஒரே தாளத்தில் சுற்றியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது.

விழித்தபோது கன்னத்துக்கு அடியில் கெட்டியாக ஏதோ இடித்தது. எலும்பு. மாமனாரின் தோள்.

அவர் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. அவன் தலை அவர் தோளில்.

"மாமா!" துள்ளி எழுந்தான்.

"கத்தாதீங்க. அக்கம்பக்கம் கேக்கும்."

"எப்ப எழுந்தீங்க? ஐயோ, படுங்க, படுங்க!"

"இப்பத்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும். நாற்காலி கிரீச்சுன்னுச்சு. கையை நீட்டித் தடவினா, உங்க தலை ஒரு பக்கமா தொங்குது. கழுத்துப் பிடிச்சுக்குமேன்னு..."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

மாமனார் மெதுவாகப் படுத்துக்கொண்டார். "பக்கத்து சீட்டுல தூங்குறவனை எழுப்பக் கூடாது மாப்ள. ரெண்டு டிரைவர் வண்டியில அதுதான் சட்டம். அவன் தூக்கம்தான் அடுத்த நூறு மைலுக்கு நம்ம உயிர். தோள்ல சாஞ்சா, சாஞ்சபடியே விட்டுட்டு ஓட்டணும்."

"இது லாரி இல்ல மாமா. கண்ணு."

"அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடும்? நீங்க தூங்கல, நான் எழல. பொண்ணுகிட்ட மூச்சு விடாதீங்க. உங்களை உண்டு இல்லன்னு பண்ணிடுவா."

சாயங்காலம் மகள் வந்ததும், "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்றாள்.

"சரியா இருந்துச்சு" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. ஒரு மேட்ச் பார்த்தால்கூட ஆளுக்கொரு கட்சியாக நிற்பவர்கள். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. இருட்டு அறையில் கருவி முன்னால் மோவாயை வைத்து மாமனார் உட்கார்ந்தார். டாக்டரம்மா ஒளிக்கீற்றை இடமும் வலமும் நகர்த்தினார். மகளும் மருமகனும் பின்னால் நின்றார்கள்.

"கீழ்ப் பாதி பிரிஞ்சு தொங்குது" என்றார் கடைசியில். "ஐயா, படுத்தேதானே இருந்தீங்க?"

"நட்ட கட்டை மாதிரி" என்றார் மாமனார்.

"கட்டையை நட்டா நிக்கும்பா. படுத்தீங்களான்னு கேக்கறாங்க" என்றாள் மகள்.

"படுத்தேன், படுத்தேன்."

டாக்டரம்மா விளக்கைப் போட்டார். "எழுந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா, குமிழி மேல போய் கீழ்ப்பக்கம் பிரியும். அப்படின்னா மறுபடி காத்து விட்டு ஒட்ட வெச்சிடலாம். ஒழுங்காப் படுத்தும் பிரிஞ்சிருக்குன்னா, அந்தத் தோல்லதான் கோளாறு. அதை எடுத்துப் போட்டுட்டு வேற ஒருத்தர் கண்ணுக்குக் காத்திருக்கணும். எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது."

அவன் மனைவியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். "நான் தூங்கிட்டேன் டாக்டர். மாமா எழுந்து உட்கார்ந்துட்டார். எனக்காக."

மகள் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம்னு சொன்னார்."

"அஞ்சு நிமிஷத்துல இவ்வளவு பிரியாது." அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப தோல்தான். பாவம், அந்தக் குடும்பம் துக்கத்துலயும் யோசிச்சுக் கொடுத்தது. பரவாயில்லை, இதை எடுத்துடலாம்."

மாமனார் கருவியின் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. மூடியில்லாத கண்ணை மருமகன் நின்ற பக்கமாகத் திருப்பினார். அங்கே அவருக்கு ஒரு மங்கல்தான் தெரிந்திருக்கும்.

"எடுக்காதீங்கம்மா. போன மனுஷன் மேல பழி போடாதீங்க. அது நல்ல கண்ணு."

"அப்பா, என்ன சொல்றீங்க?" என்றாள் மகள்.

"மாப்ள அசந்து தூங்கினார். அஞ்சு நிமிஷம் இல்ல. ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்."