நான்காவது ஜாயிண்ட்

வியாழக்கிழமை மாலை நான் செய்தது தப்பு என்று வியாழக்கிழமை மாலையே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மேனாம்பேட்டில் இருபத்தாறு வருஷமாக ஜீப் பிரித்து மாட்டுகிற இருதயராஜுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வண்டி ஸ்ரீநாத்துடையது. பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். அவர் வாங்குவதற்கு முன்னால் அது பழவேற்காட்டில் படகு இழுத்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி அடிப்பாகம் முழுக்கத் துரு. கரூரிலிருந்து வந்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, அயனம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிய மனுஷன், ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் விட்டுவிட்டு இதைப் போய் ஆசைப்பட்டு வாங்கினார். மூன்று வருஷமாக என்னிடம்தான் விடுகிறார்.

முன் அச்சில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக மொத்தம் நான்கு பால் ஜாயிண்ட். சக்கரம் நிற்பதும் திரும்புவதும் அவற்றின் தயவில்தான். கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். நான்கும் துருப்பிடித்துவிட்டன, மாற்றியாக வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மனைவி நிவேதிதாவையும் குழந்தையையும் ஏலகிரிக்குக் கூட்டிப் போகிறேன், வெள்ளிக்கிழமை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று சொன்ன என் வாயை என்ன சொல்ல?

மூன்று கழன்று வந்துவிட்டன. வலது பக்கத்துக் கீழ் ஜாயிண்ட் வரவில்லை. கேஸ் வைத்துச் சூடு காட்டினேன், சம்மட்டியால் அடித்தேன், ஜாயிண்டை அழுத்தி வெளியே தள்ளுகிற என் கை ப்ரெஸ்ஸின் திருகாணி வளைந்ததுதான் மிச்சம். அந்தப் பாகத்தையே மொத்தமாகக் கழற்றி, பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு எடுத்துப் போனால் அங்கே ஹைட்ராலிக் ப்ரெஸ் இருக்கிறது. போனால் அங்கே என்ன நினைப்பார்கள்? இருதயராஜுக்கு ஒரு ஜாயிண்ட் கழற்றத் தெரியவில்லை என்பார்கள். அந்தக் கர்வம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். புது ரப்பர் மாட்டி கிரீஸ் அடித்து மேலே கறுப்புப் பெயின்ட் பூசினேன். அது மட்டும் தனியாகத் தெரியக் கூடாதென்று, மாற்றிய மூன்றுக்கும் அதே பெயின்ட் பூசினேன்.

எங்கள் பக்கத்தில் கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுப்பது வழக்கம். மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மூன்றைப் போட்டுவிட்டு, நான்காவதுக்குக் கழிவு டிரம்மில் கை விட்டேன். வேறு ஏதோ வண்டியின் செத்த ஜாயிண்ட் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டபோது நான் துளியும் தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஸ்ரீநாத் பையை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனார்.

சனிக்கிழமை காலையில் போனுக்கு ஒரு படம் வந்தது. பேப்பர் விரித்து நான்கு ஜாயிண்டையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து, ஜீப் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். 'இப்படி ஒரு நேர்மையான மெக்கானிக் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று கீழே எழுதி, எனக்கும் அனுப்பியிருந்தார். நான்காவதின் கழுத்து மற்ற மூன்றைவிடக் கட்டை. தொழில் தெரிந்தவன் பார்த்தால் ஒரு நொடியில் பிடித்துவிடுவான். ஒருவரும் பிடிக்கவில்லை. எல்லோரும் கும்பிடு போட்டிருந்தார்கள். ஆவடியிலிருந்து ஒருவர் போன் பண்ணி, அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவரலாமா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரி சரசா இட்லி வைத்தாள். தட்டை நகர்த்தி வைத்தேன். ஏலகிரியில் பதினாலு வளைவு. எந்த வளைவில் என்று என் மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டு, வண்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை போல்ட் டைட் பண்ண வேண்டும், கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். அதுவும் பொய்தான். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சத்தம் போடாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நானே கூப்பிட்டுச் சொன்னதற்கு அவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

பதினோரு மணிக்கு வந்தார். பின் சீட்டில் துணிப்பை, தண்ணி கேன், அவர் பெண் ரோஷினியின் சின்னத் தலையணை எல்லாம் அப்போதே ஏறியிருந்தன. வீட்டுக்குப் போங்கள், மூன்று மணிக்கு வாருங்கள் என்றேன். பரவாயில்லை, இருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது சக்கரத்தைக் கழற்றினேன். அந்தத் தலையணையைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"சார், இந்தக் கீழ் ஜாயிண்ட் நான் மாத்தல. கழட்ட வரல. பெயின்ட் அடிச்சி உட்டுட்டேன். பையில கீறது வேற வண்டியோடது."

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றாவது நினைத்தேன். இரண்டும் இல்லை. எழுந்து வெளியே போய் நிவேதிதாவிடம், நாளைக்குப் போகவில்லை, வண்டி சரியில்லை என்று மட்டும் போனில் சொன்னார். என் பேரை அவர் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாகத்தைக் கழற்றி எஸ்டேட்டுக்கு எடுத்துப் போனேன். ஹைட்ராலிக் ப்ரெஸ்ஸில் வைத்த பத்தாவது நிமிஷம் ஜாயிண்ட் வெளியே விழுந்தது. பத்து நிமிஷ வேலை. அங்கே யாரும் என்னைக் கேலி செய்யவும் இல்லை. புதுசை அங்கேயே ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண் முன்னாலேயே மாட்டி முறுக்கினேன்.

"மத்த மூணு, அண்ணே?"

"மாத்திட்டேன் சார். மாதா மேல சத்தியமா."

சத்தியத்தை அவர் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. நான்கும் ஒரே கறுப்பு. எது புதுசு, எது பழசு என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நான்தான் அப்படிச் செய்து வைத்தேனே. இடது சக்கரத்தையும் கழற்றினேன். தின்னரைத் துணியில் தொட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகத் துடைத்தேன். கறுப்பு போய்ப் புது இரும்பும் அச்சடித்த நம்பரும் தெரிந்தன. மண்டி போட்டு, போன் விளக்கைப் பிடித்து மூன்றையும் பார்த்தார். மூன்றும் புதுசு. தலையாட்டினார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினேன். சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போன வருஷம் பிரேக் பண்ணீங்களே, அது?"

குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அந்த பிரேக் வேலை இரண்டு நாள் பிடித்தது. ஒரு குறை வைக்காமல் செய்த வேலை. அதைச் சொன்னால் இனி எப்படி நம்புவார்? ஜாக்கியை இழுத்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.