இரவல் நெருப்பு

அணைத் தண்ணீர் பள்ளத்தாக்கை விழுங்க இன்னும் மூன்றே வாரம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். ஓர்லீனா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அவள் கொள்ளுப்பாட்டன் கஷ்கொட்டை மரங்களைச் செதுக்கி, கட்டை மேல் கட்டை அடுக்கி, இடுக்கெல்லாம் களிமண் அப்பிக் கட்டிய வீடு அது. அதன் கணப்பில் எரிந்ததோ, அவர் கரோலினாவிலிருந்து மலை தாண்டிச் சட்டியில் சுமந்து வந்த நெருப்பு. நூற்றுப் பத்து வருடமாக ஒருநாள்கூட அவிந்ததில்லை.

"வீடு முழுகட்டும். தீ என்கூட வரணும்" என்றாள்.

வீட்டைக் காலி செய்ய வைக்க வந்த அரசாங்க ஆள், அவள் வெளியே வந்ததுமே கணப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டான். மிச்சமெல்லாம் அவள் மடியிலிருந்த இரும்புச் சட்டியில், சாம்பலுக்கடியில் கிடந்த கங்குகள்தான். தம்பி கிளைட்டின் லாரி ஓடையைக் கடக்கும்போது சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. சட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஓர்லீனா ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எங்கிட்ட தீப்பெட்டி இருக்குக்கா. இதுக்குப் போயா ஒப்பாரி?"

"அது கடைத் தீடா. அதுக்கு நம்ம தாத்தனைத் தெரியுமா?"

கிளைட் தலையைச் சொறிந்தான். "அப்ப ரூஃபஸ்கிட்ட கேட்டுப் பாரு. நம்ம வீட்டுத் தீயத்தான வாராவாரம் வாங்கிட்டுப் போனான்?"

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் அழுகை நின்றது. இருபது வருடத்துக்கு முன், மலைமுகட்டில் தனியாகக் குடியிருந்த ரூஃபஸ் சனிக்கிழமை தோறும் சட்டியோடு வந்து நிற்பான். "அவிஞ்சு போச்சு" என்பான். வெள்ளிக்கிழமையே அவளுக்கு வேலை ஓடாது. அப்படியிருந்தும் ஒருநாள், ஊரே கேட்க, "ஒரு கணப்பைக் காப்பாத்தத் துப்பில்ல, நீ எங்க பொண்டாட்டியக் காப்பாத்தப் போற?" என்று கேட்டுவிட்டாள். அன்று கங்கோடு போனவன் பிறகு வரவேயில்லை. எத்தனை சனிக்கிழமை அவள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பாழாய்ப்போன வாய்.

அணைத் தண்ணீர் எட்டாத முகட்டு வீட்டில் புகை தெரிந்தது. கதவைத் திறந்த ரூஃபஸுக்குத் தலை நரைத்திருந்தது. அவள் காலிச் சட்டியை நீட்டினாள்.

"அவிஞ்சு போச்சு."

அவன் சிரிக்கவில்லை. "உள்ள வா" என்றான்.

"இது அன்னைக்கு வாங்கிட்டுப் போன தீயா? நடுவுல அவியவே இல்லையா?"

"நீ சொன்ன சொல்லுக்கப்புறம் அவிய விடுவேனா? எங்கம்மா சாவுக்குக்கூட ஒரு ஆளைக் காவல் வெச்சிட்டுத்தான் போனேன்."

"அப்ப அதுக்கு முந்தி மட்டும் எப்படி வாராவாரம் அவிஞ்சுது?"

ரூஃபஸ் கங்குகளைச் சட்டியில் அள்ளிப் போட்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தானா எங்க அவிஞ்சுது? சனிக்கிழமை காலைல ஒரு வாளித் தண்ணிய நான்தான் ஊத்துவேன்."

ஓர்லீனா சட்டியை வாங்கிக்கொண்டு லாரிக்கு இறங்கினாள்.

புது வீட்டில் நெருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க ஓக் விறகு போட்டு, பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை காலை கிளைட் எழுந்து வந்தபோது வீடெல்லாம் ஈரப்புகை. அக்கா சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு கையில் காலி வாளி, மறு கையில் இரும்புச் சட்டி.

"ஐயோ அக்கா! என்ன ஆச்சு?"

"அவிஞ்சு போச்சுடா," என்றாள் ஓர்லீனா. "போய் வாங்கிட்டு வரேன்."