ஐந்தின் வாயை அடைத்தபோது

செல் செத்துத் தொலையட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். மூளை ஆராய்ச்சி செய்கிறவள் வேண்டக்கூடாத வேண்டுதல்தான். ஆனால் அது செத்தால்தான் அவளுடைய ஆய்வேடு பிழைக்கும்.

எலி மூளையின் ஆழத்தில் ஒரு வகை நரம்பு செல். அதன்மேல் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பல. அவற்றில் ஒன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே வம்சம், ஒரே ஜாடை. ஆய்வுக்கூடத்தில் பங்காளிகள் என்பார்கள். இரண்டும் சேர்ந்துதான் செல்லைத் தட்டி எழுப்புகின்றன, ஐந்தை அடைத்தால் துடிப்பு பாதியாகும் என்று அவள் ஓர் அத்தியாயமே எழுதித் தள்ளியிருந்தாள். வழிகாட்டியும் தலையாட்டிவிட்டார். அடுத்த வாரம் தேர்வுக்குழு. அதற்கான சோதனைதான் பாக்கி. சமைக்காமலேயே பரிமாறக் கிளம்பிய கதை.

உப்புநீரில் மூளைச் சீவல். செல்லில் ஒட்டிய கண்ணாடி ஊசி. ஒலிபெருக்கியில் செல்லின் டக், டக். பங்காளிகள் இருவரையும் கிளப்பும் மருந்தை விட்டாள், துடிப்பு வேகமெடுத்தது. கூடவே ஐந்தின் வாயை அடைக்கும் மருந்தையும் விட்டாள். அடங்க வேண்டிய செல் பேய் பிடித்ததுபோல் வெடித்தது.

"என்ன, உள்ள பாப்கார்ன் பொரிக்கிறியா?" பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியின் தடிமனால் அவனுக்கு சோடாபுட்டி என்று பேர்.

"செல் சாகுதுடா. சாகும்போது இப்படித்தான் கத்தும்."

"நேத்தும் செத்துச்சு, முந்தாநேத்தும் செத்துச்சு. உன் கைராசி அப்படியா?"

"நீ மருந்தை மாத்திக் கலக்கியிருப்ப."

"என் தலையில கட்டாத தாயே! எங்க சித்தப்பா பக்கத்துல இருந்தா எங்கப்பா அடக்கி வாசிப்பாரு. சித்தப்பா ஊருக்குப் போயிட்டா வீடு தாங்காது. உன் ஒன்னாம் நம்பரும் அந்த ரகம்தான் போல."

"உங்க வீட்டுப் பஞ்சாயத்த என் அத்தியாயத்துல கொண்டுவராத."

"சரி, அலசிப் பாரு. அடைக்கிற மருந்த மட்டும் நிறுத்து. செத்துக்கிட்டிருந்தா செத்துடும். இல்லேன்னா பழைய வேகத்துக்குத் திரும்பும்."

அலசிப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நேற்றும் முந்தாநாளும் அலசுவதற்கு முன்பே ஊசியை உருவிவிட்டு, 'செல் இறந்தது' என்று எழுதியிருந்தாள். இப்போதும் கை ஊசித் திருகுக்குத்தான் போனது.

"உருவு, உருவு. நான் பாக்கல" என்று சோடாபுட்டி முகத்தைத் திருப்பினான். "ஆனா குழுவுல எவனாவது 'அலசினியாம்மா?'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அவனைத் திட்டிக்கொண்டே அடைக்கும் மருந்து வரும் குழாயைத் திருகி மூடினாள்.

மருந்து சாவகாசமாகக் கழிந்தது. வெடிப்பு தணிந்தது. இதோ நிற்கப்போகிறது என்று காதைத் தீட்டினாள். நிற்கவில்லை. அடைப்பதற்கு முன்பிருந்த அதே வேகத்துக்கு வந்து, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டது. ஐந்து, துடிப்பை ஏற்றிவிடவில்லை; இத்தனை நாளும் பங்காளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவள் வழிகாட்டிக்குப் போன் போட்டாள்.

"சார், தேர்வுக்குழுவைத் தள்ளி வைக்க முடியுமா?"

"ஏம்மா, நல்ல செல் கிடைக்கலையா?"

"கிடைச்சிடுச்சு சார். அதுதான் பிரச்சினை."