ஏழு பி-க்கு யார் போவது?

எச்.எம். மாற்று வகுப்பு நோட்டில் மூன்றாவது கோடு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காலை எட்டேகால். தங்கையின் கணவர். நான்கு நாளாக இதே நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டு, இரவு எப்படிக் கழிந்தது, ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நேற்று தொண்ணூற்று நான்கு. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. அதனால் அவள் ஸ்கேலைக்கூடக் கீழே வைக்காமல், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க தம்பி."

"அக்கா, போயிட்டா."

"எங்க? வேற வார்டுக்கா?"

அவர் குரல் உடைந்து வந்தது. "செத்துட்டா அக்கா. ஆறே முக்காலுக்கு. எந்திரிச்சுப் பல் தேய்ச்சிருக்கா. டீ கேட்டிருக்கா. நர்ஸ் கொண்டுட்டு வர்றதுக்குள்ள..."

"சரி தம்பி," என்றாள் எச்.எம். "நான் வர்றேன்."

போனை வைத்தாள். மூன்றாவது கோட்டைப் போட்டு முடித்தாள். பாடவேளை, வகுப்பு, வராதவர், பதிலாகப் போகிறவர். இன்றைக்கு நான்கு பேர் வரவில்லை. முதல் பெயர் தங்கையுடையது. ஐந்து பாடவேளை கணக்குப் பாடம். ஐந்துக்கும் ஆள் போட்டாள். மூன்றாவது பாடவேளைக்கு டிராயிங் மாஸ்டரைப் போட்டு, அவருக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு இருப்பது நினைவுக்கு வந்து, அடித்து, பி.டி. மாஸ்டரைப் போட்டாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. மணியைத் தட்டி அட்டெண்டரைக் கூப்பிட்டாள்.

அட்டெண்டர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போடலையே மேடம்," என்றார். போட்டுக் கொடுத்தாள்.

"சின்ன மேடம் எப்படி இருக்காங்க?"

"இறந்துட்டா," என்றாள். "மொத மணியை அடிச்சிருங்க, நேரமாச்சு."

அட்டெண்டர் நகரவில்லை. முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. இவர் ஏன் இப்படி முழிக்கிறார் என்று அவளுக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அக்கா 'எச்.எம்.', தங்கை 'சின்ன மேடம்'. பன்னிரண்டு வருடமாக ஒரே வளாகம். ஒரே வீடுதான், மாடியில் அக்கா தனியாக, கீழே தங்கை குடும்பம். கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தங்கை 'அக்கா' என்று கூப்பிட மாட்டாள். தப்பித் தவறி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு 'மேடம்' என்று திருத்துவாள். சலுகை என்ற சொல் யார் வாயிலும் வந்துவிடக் கூடாது என்பதில் எச்.எம். அவ்வளவு குறியாக இருந்தாள். நல்ல வகுப்பு வந்தால் வேறு யாருக்காவது போகும். தேர்வு மேற்பார்வை, விளையாட்டு தினம், வெயிலில் நிற்கிற வேலை என்றால் தங்கைக்கு. ஊரார் மெச்ச வேண்டுமே. மெச்சவும் செய்தார்கள்.

கதவை யாரோ தட்டினார்கள். சயின்ஸ் சார். அட்டெண்டர் சொல்லியிருப்பார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எப்போதும் வாய் ஓயாத மனிதர், இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், அன்னிக்கு மீட்டிங்ல நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அந்த மீட்டிங் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆசிரியர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் கையெழுத்து. நிர்வாகம் தைத்துக் கொடுத்த துணி முகக்கவசம் உதவாது, நல்லது வேண்டும். ஒரு அறைக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஏழு பி-யின் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். ஏழு பி நடந்தது பழைய கம்ப்யூட்டர் அறையில். திருட்டுப் போகக் கூடாதென்று என்றைக்கோ ஜன்னல்களுக்கு ஸ்க்ரூ அடித்திருந்தது. கம்ப்யூட்டர்கள் போய்விட்டன, ஸ்க்ரூ போகவில்லை. கையெழுத்துப் போடாத அந்த ஒருத்தி தங்கைதான். "நீயும் போட்டா எனக்குத்தான் அசிங்கம்" என்று எச்.எம். முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். மனுவின் மேல் சிவப்பு மையில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி, டிரேயில் போட்டாள்.

மீட்டிங்கில் சயின்ஸ் சார் எழுந்து, பள்ளிக்கூட முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒரு தீக்குச்சியைக் கிழித்து ஊதினார். குச்சி அணைந்தது. "பாத்தீங்களா மேடம்? இதுக்குப் பேரு மாஸ்க் இல்ல, கைக்குட்டை."

"சார், உங்களைப் பாடம் நடத்தச் சொன்னேன். பர்த்டே கொண்டாடச் சொல்லலை," என்றாள் எச்.எம்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தங்கைதான் அதிகம் சிரித்தாள். சிரிப்பை அடக்க மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சயின்ஸ் சாருக்கு முகம் சுண்டிவிட்டது. குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏழு பி மிஸ்ஸுக்குக் காய்ச்சல். அங்க மூணு பசங்களுக்கு வந்தாச்சு. நாளைக்கு அந்த கிளாஸுக்கு யாரைப் போடுவீங்க? உங்க தங்கச்சியைப் போடுவீங்களா மேடம்?"

சிரிப்பு நின்றது. அறையில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எச்.எம். நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, அத்தனை பேர் முன்னால் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"போறேன் மேடம்," என்றாள் தங்கை, கடைக்குப் போய்வரச் சொன்ன மாதிரி.

இப்போது வாசலில் நின்ற அந்த மனிதரை எச்.எம். ஏறிட்டுப் பார்த்தாள். அவள் மனதுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று ஒதுங்க இடம் கண்டுகொண்டது.

"ஆமா சார்," என்றாள். "கேட்டிருக்கக் கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

மயானத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். அவர் கேட்டதனால்தான். அத்தனை பேர் முன்னால் மடக்கினால் யார்தான் என்ன செய்வார்கள்? வாடகைக் கார் ஜன்னலில் கடைகள் பாதி ஷட்டரோடு போய்க்கொண்டிருந்தன. இந்த நேரத்துக்குத் தங்கை இரண்டாவது பாடவேளையில் இருப்பாள் என்று நினைத்தாள். இருப்பாள் என்று நினைத்ததைத் திருத்திக்கொள்ள அவளால் முடியவில்லை. நேற்று சாயங்காலம்கூட மெசேஜ் வந்தது: 'மாடியில என் துணி காயுது, எடுத்து வை.' எடுத்து வைத்தாள். மடித்தும் வைத்தாள்.

தங்கையின் கணவர் மயானத்துக்கு வெளியே தன் டெலிவரி வேன் பக்கத்தில் நின்றார். நான்கு நாளாக அந்த வேனிலேயே படுத்து எழுந்த சட்டை. ஐந்து பேருக்கு மேல் அனுமதி இல்லை என்றார்கள்; வந்திருந்ததே இரண்டு பேர்தான். தங்கையின் மகள் வெளியூர் ஹாஸ்டலில் அடைபட்டிருந்தாள். அங்கிருந்து யாரையும் வெளியே விடவில்லை.

ஆளுக்கொரு நீல கவுன் கொடுத்தார்கள். மயான ஊழியர் ஒருவர், இரண்டு பேருக்கும் முதுகுப் பக்கம் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, கையுறையும் தந்து, "முன்னாடி ரெண்டு வண்டி இருக்கு. உக்காருங்க," என்றார். சிமெண்டு பெஞ்சில் இடம் விட்டு உட்காரக் குறி போட்டிருந்தது. இருவரும் குறியில் உட்கார்ந்தார்கள்.

"பல் தேய்ச்சிருக்கா அக்கா," என்றார் அவர் மறுபடி. "சாகப் போறவ பல் தேய்ப்பாளா?"

அவள் கவுன் கையைக் கையுறைக்குள் இழுத்துச் செருகினாள்.

"டாக்டர் கேட்டாரு, எங்கிருந்து வந்துச்சுன்னு. ஏழு பி-ன்னு சொன்னேன். அது அவ கிளாஸே இல்ல, இல்லையா?"

"இல்ல."

"டர்ன்படி வந்துச்சுன்னு சொன்னா. நானும் நம்புனேன்." அவர் கையுறை விரல்களைக் கோத்துப் பிரித்தார். "வேன்ல படுத்துக்கிட்டுதான் எண்ணிப் பாத்தேன். ஆறு நாள் போயிருக்கா. முப்பத்திரண்டு பேரு இருக்கற ஸ்கூல்ல ஆறு நாளும் ஒருத்திக்கே டர்ன் வருமா அக்கா? யாரு போட்டது அந்த லிஸ்டை?"

பன்னிரண்டு வருடத்தில், கஷ்டமான வேலையெல்லாம் தனக்கே வருவதைத் தங்கை வீட்டில் சொன்னதேயில்லை என்று எச்.எம்.முக்கு அப்போதுதான் தெரிந்தது. யார் லிஸ்ட் போடுகிறார்கள் என்பதைக்கூட.

"மீட்டிங்ல ஒருத்தர் கேட்டாரு," என்று தொடங்கினாள். "சயின்ஸ் சார். உங்க தங்கச்சியைப் போடுவீங்களான்னு, எல்லார் முன்னாடியும்..."

"அவரா போட்டாரு?"

ஆஸ்பத்திரி வேன் ஒன்று பின்னோக்கி வந்தது. "உங்களோடது," என்று ஊழியர் கூப்பிட்டார். இருவரும் எழுந்தார்கள்.

பின்கதவு திறந்தது. வெள்ளைப் பை; ஜிப் மேல் வரை இழுத்து, டேப் ஒட்டியிருந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் இருந்த பெயரையும் வயதையும் ஊழியர் சத்தமாகப் படித்து, "இவங்கதானே?" என்றார். முகம் காட்ட அனுமதி இல்லை. தங்கையின் கணவர் தலையாட்டினார். எச்.எம்.மும் ஆட்டினாள். எதை வைத்து ஆட்டினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பையில் இருப்பது யாரோ, தங்கை ஆஸ்பத்திரியில் டீக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று யாராவது வந்து சொன்னால், அப்படியே நம்பியிருப்பாள். ஸ்டிரெச்சரை உள்ளே தள்ளினார்கள். இரும்புக் கதவு இறங்கியது. எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் இருக்கும். ஒரு பாடவேளையில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரம்.

"கவுனைக் கழட்டி அந்த மஞ்சப் பையில போட்டுட்டுப் போங்க. முன்பக்கம் கை படக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஊழியர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இருவரும் அந்தக் குப்பைப் பையின் முன்னால் நின்றார்கள். அவர் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அவர் கேட்கப் போவதில்லை என்று எச்.எம்.முக்குத் தோன்றியது. சும்மா இருந்துவிடலாம். அவர் மனதில் சயின்ஸ் சார் என்று ஒருவர் இருப்பார். அவரை இவர் பார்க்கப் போவதும் இல்லை. சாயங்காலம் ஒரே வீட்டுக்குத் திரும்பி, அவள் மாடிக்குப் போய்விடுவாள், அவர் கீழே இருப்பார். அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு பயந்ததில்லை.

"தம்பி, லிஸ்ட் நான்தான் போட்டேன்."

அவர் திரும்பினார்.

"எப்பவும் நான்தான் போடுவேன். அவர் கேள்வி கேட்டாரு, அவ்ளோதான். அவ பேரை எழுதினது நான்." நிறுத்தினால் தொடர முடியாது என்று தெரிந்து, மூச்சு விடாமல் சொன்னாள். "ரெண்டாம் நாள் சாயங்காலம் மாடிக்கு வந்தா. ரூம்ல காத்தே இல்லக்கா, பேசப் பேச மாஸ்க் மூக்குக்குக் கீழ எறங்குது, பசங்க இருமுறாங்க, நாளைக்கு வேற யாரையாவது போடேன்னு கேட்டா. பாதியில எடுத்தா, பாத்தியா தங்கச்சியைக் காப்பாத்திட்டாங்கன்னு பேசுவாங்க, இந்த வாரம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொன்னேன். அவ அப்புறம் கேக்கல. நாலு நாள் போனா. என்கிட்ட கேட்டா தம்பி. ஒரே ஒரு தடவை கேட்டா. நான் மாத்தல."

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண்கள் மட்டும் இருந்தன. அவற்றில் என்ன இருந்தது என்று அவளால் படிக்க முடியவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

போகப் போகிறார் என்று நினைத்தாள். போகவில்லை. கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கழுத்துக்குக் கீழே நீல நாடா இரட்டை முடிச்சாகக் கிடந்தது.

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கிட்டே போனாள். கையுறை வழுக்கியது, முடிச்சு இறுகியிருந்தது. அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்ததால் நாடா பிடிபடாமல் நழுவியது. மூன்றாம் முறை அவிழ்ந்தது. இடுப்பில் இருந்ததையும் அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பையில் போட்டார்.

பிறகு அவளும் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அடுத்த வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஊழியர் கையசைத்து வழிகாட்டினார். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவர் போகவும் இல்லை, வரவும் இல்லை. அவள் கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.