ஜமாஅத்துக்கு ஒரு ஊசி

…ஊசிக்கா இப்படி வேர்க்கிறது இவருக்கு, இல்லை, அந்த நர்ஸ் பெண் கேட்ட கேள்விக்கா, தெற்கு எகிப்தின் சோஹாக் ஊர்ச் சுகாதார அலுவலகத்தின் வரிசையே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறது, இன்சாஃப் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், முப்பத்துநாலு வருஷமாகப் பார்த்த பிடரி… மக்காவுக்குப் போகிறவர்கள் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆக வேண்டும், பதினோராம் நாள் கப்பல், இன்றைக்கு விட்டால் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் பயணம் இல்லை. இவருக்கு அட்டை எழுதியாயிற்று. மக்காவைக் கண்ணால் காணும் முன்பே, டீக்கடையில் எவனாவது ‘ஹாஜியாரே’ என்றால் அரை அங்குலம் உயர்கிற மீசை… அந்த மீசையோடுதான் மேசை முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், “எனக்கு ஒண்ணு, ஜமாஅத்துக்கு ஒண்ணு.” போன வாரம்தான் அலெக்சாந்திரியாவிலிருந்து மாற்றலாகி வந்த பெண், அவளுக்கு என்ன தெரியும், இந்த ஊர் ஆம்பிளைகள் நாலு பேர் முன்னால் பெண்டாட்டியை ‘ஜமாஅத்’, அதாவது கூட்டம், என்பார்கள், பெயரைச் சொல்லிவிட்டால் மானம் வாசல் தாண்டி ஓடிவிடும் என்று… “கூட்டமா வந்தா பக்கத்து ரூம், ஹாஜியாரே. எத்தனை பேரு, பஸ் எங்க நிக்குது?” “ஒருத்திதாம்மா.” “ஒருத்தி எப்படிக் கூட்டமாவா?” பின்னாலிருந்து எவனோ, “அந்தம்மா சண்டை போட்டு நீ பாத்ததில்ல தாயி, முப்பது பேருக்குச் சமம்!” வரிசை உடைந்து சிரித்தது. “சரி, பேரச் சொல்லுங்க, மூணு மணிக்கு மருந்துப் பெட்டியப் பூட்டிடுவேன்.”

அடையாள அட்டை இன்சாஃபின் கைக்குள்தான் இருக்கிறது, நீட்டினால் முடிந்தது, ஏன் நீட்டவில்லை… நீட்டுடி, மக்காவைவிட இது பெரிசா… பெரிசுதானோ? நிக்காஹ் அன்றைக்கும் இவர் ‘சம்மதம்’ என்றதோடு சரி, அப்புறம் ‘ஏய்’, பிள்ளை பிறந்ததும் ‘சாபிர் அம்மா’, டைபாய்டில் பிதற்றியபோதுகூட ‘தண்ணி, தண்ணி’தான். அந்தப் பெயர் இவருக்கு ஞாபகமாவது இருக்குமா, மறந்துபோயிருந்தால்… சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு ஐந்து நிமிஷம். அவர் திரும்பிப் பார்த்தார். மீசை தொங்கிப்போயிருந்தது, கண்ணில் ஹாஜியார் யாரும் இல்லை, கப்பல் துறையில் இவளை விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்று பதறுகிற ஒரு மனுஷன்தான் இருந்தார். “இன்சாஃப்,” என்றார், திருட்டுப்பொருளைக் கொடுப்பது போல. “கேக்கல,” என்றாள் நர்ஸ். “இன்சாஃப்!” நைலுக்கு அக்கரையில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரல், சன்னல்கூட அதிர்ந்தது, யாரும் சிரிக்கவில்லை.

ஊசி எந்தக் கையில் ஏறியது என்றே அவளுக்குத் தெரியவில்லை, காதுக்குள் இன்னும் அதுவே, இவ்வளவு அழகான பெயரா அது, யாருடையதோ மாதிரி… “அம்மா, உங்களத்தான். அவசரத்துக்குத் தகவல் சொல்ல ஒரு ஆள் வேணும், அத நீங்கதான் சொல்லணும். வீட்டுக்காரர் பேரு என்ன?” இன்சாஃப் வாயைத் திறந்தாள். “சாபிர் அப்பா…” “அது எனக்கெதுக்கு, பேரச் சொல்லுங்க.” பேனா காத்திருந்தது. சட்டைக் கையைக்கூட இறக்கிவிடாமல் அவரும் காத்திருந்தார், சின்னப்பிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்தபடி… நாக்கு எழவில்லையே, அப்படியானால் இத்தனை வருஷமும் நானும்… ஒரு தடவைகூடவா…