இரண்டு மீட்டரில் கடிக்கும்

காலையிலிருந்து பவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, இரண்டாவது தட்டில் இருந்த கேமராவை எடுத்தார். அதன் லென்ஸைத் திருகிக் கழற்றினார், திரும்பவும் மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இந்த நடை? போறதுன்னா போங்க, இல்லன்னா ஒரு இடத்துல உக்காருங்க" என்றாள் மனைவி. "உங்க சீனப் படை எங்கயும் ஓடிடாது."

சீனப் படை என்பது அவள் வைத்த பெயர். ஐம்பத்தோரு கேமராக்கள், அத்தனையும் சீனாவில் செய்த பழையவை. மற்றவர்கள் ஜெர்மன் என்றும் ஜப்பான் என்றும் பீற்றிக்கொண்டு சேர்க்க, இவர் பதினாறு வயதிலிருந்து இதுகளின் பின்னால் அலைந்தார். "எல்லாம் காப்பிதானே சார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். "ஒருத்தன் அடுத்தவன் கேமராவைப் பிரிச்சுப் பாத்து, அரத்தால ராவி ராவி ஒவ்வொரு பல்லா செஞ்சிருக்கான். அதுக்குப் பேரு காப்பியா? பிடிவாதம்யா, பிடிவாதம்!" என்று எகிறுவார். சீன எழுத்தில் அவருக்குத் தெரிந்தது மொத்தம் பதினொன்று. அதுவும் கேமராவின் மண்டையில் இருந்தால்தான் தெரியும்.

பவர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். யாரைப் பார்த்தாலும் "பவர் கூடியிருக்கும்போல" என்பார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவர் ஊசி.

ஊசி தையல்காரர். நாற்பது வருஷத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், ஒரு சீனக் கேமராவைப் பவர் இந்தப் பக்கம் பிடித்த அதே நேரத்தில் அந்தப் பக்கம் பிடித்தவர். இரண்டு பேரும் விடவில்லை. கடைக்காரர் வெறுத்துப்போய், "ரெண்டு பேரும் சேந்து எடுத்துட்டுப் போய்த் தொலைங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. பவர் சேர்க்கிற ஜாதி. நம்பர் எழுதி, துடைத்து, அடுக்கி வைப்பார். ஊசி படம் எடுக்கிற ஜாதி. ஃபிலிம் போடாத கேமரா அவருக்குச் செத்த கேமரா.

இரண்டு பேரிடமும் ஒரே மாடல் ஒன்று இருந்தது, 'ஷாங்காய் ஐம்பத்தெட்டு'. உள்ளங்கையில் அடங்குகிற கேமரா, திருகிக் கழற்றுகிற சின்ன லென்ஸ். பவருடைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து மெல்லிய மூட்டம் விழுந்திருந்தது. ஊசியுடையது பளிங்கு. அது போதாதா மனுஷன் புத்தி கெட்டுப்போக? ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், ஊசியின் மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஊசி எழுந்து போனார். பவருக்குக் கை நமநமத்தது. இந்த லென்ஸை அந்த உடம்பில் மாட்டி, அந்த லென்ஸை இந்த உடம்பில் மாட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அதோடு போயிருந்தால் அல்பத் திருட்டு என்று விட்டுவிடலாம். நாலு மாதம் கழித்து ஊசி கடைக்கு வந்தார்.

"பவர், எடுக்கிற படமெல்லாம் மங்கலா வருதுடா. கண்ணுல ஏதோ கோளாறுன்னு தோணுது. விளக்கைப் பாத்தா சுத்தி வட்டமாத் தெரியுது. பாரேன்."

படம் மங்கலாக வருவது எதனால் என்று பவருக்குத் தெரியும். அதன் காரணம் அவர் வீட்டு அலமாரியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மங்கல் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே மாட்டிக்கொள்ளாமல் தப்புவது எப்படி என்றுதான் யோசித்தார். விளக்கைச் சுற்றி வட்டம் என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேறு யார் வந்து அப்படிச் சொல்லியிருந்தாலும், "உடனே கண் டாக்டர்கிட்ட போங்க" என்று விரட்டியிருப்பார். ஊசியிடம் மட்டும், "வயசுடா, வேற என்ன" என்று சிரித்து, கால் பவர் கூட்டி ஒரு கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஊசி டாக்டரிடம் போனார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பாழாகியிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டாக்டர். கொஞ்ச நாளில் பார்வை முழுசாகப் போனது. அதன் பிறகு பவர் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்தார். கடைசி நாலு வருஷம் போனில் பேச்சோடு சரி.

நேற்று ஊசி போன் செய்தார். "சனிக்கிழமை பொண்ணு வீட்டோட போயிடறோம்டா. திரும்பி வர்ற உத்தேசம் இல்ல. ஐம்பத்தெட்டை மட்டும்தான் எடுத்துட்டுப் போறேன். மத்ததெல்லாம் குடுத்தாச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு படம் எடுக்கணும். எப்பவும் ஃபிலிம் போட்டுத் தர்ற ஸ்டுடியோக்காரர் கடையை மூடிட்டாரு. நீ வாடா."

ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. பவர் அந்தப் பளிங்கு லென்ஸைக் கடையின் மஞ்சள் துடைப்புத் துணியில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எப்படி எடுத்தாரோ அப்படியே வைத்துவிட வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது. பஸ்ஸில் பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பக்கத்து சீட்டுக்காரர் தன் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்தார்.

ஊசி வீட்டு வாசலில் ஐந்து படிகள். மூன்றாவது ஆடும். பவர் இரண்டாவதில் கால் வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மூணாம் படி, பவர்!"

நாலு வருஷம் கழித்தும் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். சன்னல் பக்கம் இரண்டு நாற்காலிகள் மட்டும் எதிரும் புதிருமாக மிச்சம் இருந்தன. ஊசியின் மனைவி கையில் டேப்போடு நிமிர்ந்து, "வாங்கண்ணே! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஆளு பாதியா இளைச்சிட்டீங்களே" என்றாள்.

"அவன் பாதியா இருந்தா எனக்கென்ன, முழுசா இருந்தா எனக்கென்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரித்தார் ஊசி. கேமராவைப் பவர் கையில் வைத்தார். "நீ ஃபிலிமைப் போடு. நான் நல்ல சட்டையா மாத்திட்டு வரேன். படம் எடுக்கிறவனும் லட்சணமா இருக்கணும்ல?" மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பவர் தனியாக நின்றார். ஃபிலிமை முதலில் போட்டுவிடலாம் என்று அடித்தட்டைக் கழற்றினார். ஐந்நூறு தடவை செய்த வேலை, இன்றைக்கு ஃபிலிமின் நாக்கு உள்ளே நுழையாமல் அடம்பிடித்தது. எப்படியோ மாட்டி மூடினார். உள்ளறையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பூஞ்சை லென்ஸைத் திருகி எடுத்து மேஜையில் வைத்தார். மஞ்சள் துணியைப் பிரித்துப் பளிங்கைப் பொருத்தித் திருகினார். அது சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பூஞ்சையைத் துணியில் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார்.

ஒன்பது வருஷ பாரம் இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. கண்ணை யார் திருப்பிக் கொடுக்க முடியும்? இதையாவது கொடுத்தாயிற்றே. பவர் சத்தமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

ஊசி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கண்ணு தெரியாம எப்படிடா எடுப்பே?" என்று கேட்டார் பவர்.

"அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பாரு" என்றபடி ஊசி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் நெஞ்சோடு வைத்து, லென்ஸின் வளையத்தைத் திருப்பினார். நிறுத்தினார். மறுபடி திருப்பினார். அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்தார். முகம் மாறியது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"இது என்னோடது இல்ல."

"உங்களுது இல்லாம யாருது? காலையில மடியிலதான வெச்சிருந்தீங்க?"

"உடம்பு என்னோடது. லென்ஸு இல்ல. என்னோடது ரெண்டு மீட்டர்ல கடிக்கும். திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல லேசா சிக்கி நிக்கும். கண்ணு போனதுக்கு அப்புறம் அதை வெச்சுத்தானே நான் உன்னையே எடுத்துக்கிட்டு இருக்கேன்? என் நாற்காலிக்கும் உன் நாற்காலிக்கும் சரியா ரெண்டு மீட்டர். அது கடிச்சா நீ இருக்கேன்னு அர்த்தம்." அவர் விரல் வளையத்தின் மேல் அலைந்தது. "இது நெய்யில விட்ட மாதிரி ஓடுது. எவனோ மாத்திட்டான்."

சிக்கி நிற்கும், ஆமாம். பவருக்கு ஞாபகம் இருந்தது. பூஞ்சையைப் போலவே அந்தச் சிக்கலும் அவருடைய லென்ஸின் கோளாறுதான்.

"பெட்டி கட்டன்னு வந்து போறது யாரு? உன் தம்பி" என்றார் ஊசி.

"என் தம்பி மேலயா பழி போடுறீங்க?" அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அவனுக்குக் கேமராவுக்கும் கால்குலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது! ரெண்டு நாளா முதுகு ஒடிய மூட்டை தூக்கினவனுக்கு இதுவா பட்டம்?"

"பின்ன காத்து வந்து கழட்டுச்சா? போனைப் போடு அவனுக்கு. இப்பவே கேக்குறேன்."

அவள் அழுகிற மாதிரி ஆகி, போனைத் தேடிப் பெட்டிகளுக்கு நடுவே போனாள். பவர் வாசலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், மச்சான் தலையில் விழுந்துவிடும். சனிக்கிழமை வண்டி கிளம்பிவிடும். நாற்பது வருஷச் சிநேகமும் முழுசாக இருக்கும். அவர் அந்த வழியையும் ஒரு நிமிஷம் நினைத்துத்தான் பார்த்தார்.

"போன் வேணாம் தங்கச்சி" என்றார். "நான்தான்."

"நீங்களா? எதுக்குண்ணே?"

"இது திருடினதில்ல. திருப்பி வெச்சது. திருடினது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி." அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மத்தியானம், மேஜை, அரை நிமிஷம். "என்னோடதுல பூஞ்சை இருந்துது. உன்னோடது நல்லா இருந்துது. ஆசைப்பட்டுட்டேன்டா."

ஊசி கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். "கடிக்க ஆரம்பிச்சப்போ க்ரீஸ் காஞ்சிருச்சுன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. பிறகு, கணக்குப் போடுகிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "அப்போ... படம் மங்கலா வருதுன்னு உன் கடைக்கு வந்தேனே..."

"ஆமா."

"மங்கல் லென்ஸுலன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுதுன்னும் சொன்னேன்."

"சொன்னே. நான் கேக்கல. மாட்டிக்குவேனோன்னு அதுலயே இருந்தேன். உன் கண்ணை நான் பாக்கவே இல்லடா." பவர் குரல் உடைந்தது. "அதுக்கு மன்னிப்புக் கேக்குற தகுதிகூட எனக்கு இல்ல."

ஊசியின் மனைவி கையில் கிடைத்த போனோடு பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுத்தது.

"அதைக் குடு" என்றார் ஊசி, கையை நீட்டி.

"எதை?"

"கடிக்கிறதை."

பவர் மஞ்சள் துணியைப் பிரித்துக் கொடுத்தார். ஊசி யாருடைய உதவியும் இல்லாமல் பளிங்கைத் திருகி எடுத்து, பூஞ்சையைப் பொருத்தினார். தையல்காரர் விரல், ஒரே தடவையில் மரை பிடித்தது. "வந்து உக்காரு" என்றார் மனைவியிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஊசி வளையத்தைத் திருப்பினார். நடுவில் ஒரு இடத்தில் அது சிக்கி நின்றது. கிளிக் என்று ஒரு சத்தம்.

பளிங்கு லென்ஸ் ஊசியின் உள்ளங்கையில் இருந்தது. அதைப் பவர் இருக்கிற திசைக்கு நீட்டினார்.

"அது உன்னோடதுடா" என்றார் பவர்.

"எனக்கு எதுக்கு? கண்ணு இருக்கிறவன் வெச்சுக்க."

"ஊசி..."

ஊசி கையை மடக்கவில்லை. நீட்டியபடியே இருந்தார். பவர் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அது வெதுவெதுப்பாக இருந்தது.

பவர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். இடது கால் செருப்பு வலது காலுக்குப் போய், திரும்ப வந்தது. படியில் இறங்கக் காலை வைத்தார். உள்ளேயிருந்து ஊசி தன் மனைவியிடம் பேசுவது கேட்டது.

"கண்ணாடிக்கடைக்காரர் கிளம்புறாரு. படியைப் பாத்துப் போகச் சொல்லு."