ஆயாவுக்குக் கைதட்டல்

வாரத்தில் ஐந்து நாள் டெல்பர்ட் கெய்ன்ஸ் ஊர்க்காரர்களின் காலடியில் மண்டியிட்டுக் கிடப்பான். ஷூ கடை வேலை அப்படி. குதிகாலை அளவுப் பலகையில் பதியவைத்து, கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்து, கயிறும் கட்டிவிட்டு, "கொஞ்சம் நடந்து பாருங்க" என்று சொல்லவேண்டும். சனிக்கிழமைதான் அவன் தலை நிமிரும் நாள். அந்த ஒரு நாள் லீவு போய்விடும் என்பதற்காகவே மேனேஜர் பதவியை வேண்டாம் என்று சொன்னவன் அவன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினோராம் சேனலில் மல்யுத்தம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் தெருவில் நாய்கூட நடக்காது. ஸ்டுடியோவுக்குள் மரப் பலகை வரிசைகளில் நூற்றைம்பது பேர் உட்காரலாம், நேரடி ஒளிபரப்பு. டெல்பர்ட்டுக்கு இரண்டாம் வரிசை, இடது ஓரம். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். 'சனிக்கிழமை அபிப்பிராயம்' என்று இரண்டு பக்கம். நகல் எடுத்து, பின் அடித்து, நூற்று நாற்பது பேருக்குத் தபாலில் போகும். ஒவ்வொரு மோதலுக்கும் ஐந்துக்கு இத்தனை ஷூ என்று மார்க் போடுவான். ஐந்து ஷூவும் வாங்கியவர் பத்து வருஷத்தில் ஒரே ஒருத்தர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

யார் ஜெயிப்பது என்பது உள்ளே பேசி வைத்த சங்கதி என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். அவன் எடை போடுவது வேலையை. ஒரு குத்து பட்ட மாதிரி இருக்கவேண்டும், படக்கூடாது. அவ்வளவுதான் இந்தத் தொழில் என்பான்.

அந்த அளவுகோலில்தான் 'சம்மட்டி' ஹாலிஸ் மாட்டிக்கொண்டார். ஐம்பதை நெருங்கியவர், மேடையில் வில்லன் வேஷம். பதினோரு வருஷமாக ஊர் ஊராகப் போய்த் திட்டு வாங்கிய மனிதர். எண்பத்து நான்காம் வருஷம் மே மாதம் அவருடைய பெயர்பெற்ற வலது கைக் குத்து திடீரென்று சொதப்ப ஆரம்பித்தது. டெல்பர்ட் எழுதினான்: "ஹாலிஸின் குத்து படவும் இல்லை, பட்ட மாதிரியும் இல்லை. பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வர முதுகில் தட்டுகிறான். இவனைச் சம்மட்டி என்று சொன்னது யார்? ஆயா என்று கூப்பிடுங்கள். அரை ஷூ."

நூற்று நாற்பது தாளில் பாதி அந்தப் பலகைகளில் உட்காருகிறவர்களிடம்தான் போகிறது. அடுத்த சனிக்கிழமை ஹாலிஸ் மேடை ஏறியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏய் ஆயா!" என்றது. அதற்கடுத்த வாரம் ஸ்டுடியோவே "ஆயா! ஆயா!" என்று அதிர்ந்தது. தேவாலயத்தில் பூ அலங்காரம் பார்க்கும் மிஸ் ஈடித், அறுபது வயசு, பொய்கூடச் சொல்லாத மனுஷி, ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டுவந்து தோளில் சாய்த்துத் தட்டிக் காட்டினாள். கேமரா அதைப் பெரிதாகப் பிடித்தது. ஜூன் முடிவதற்குள் ஐம்பது பொம்மைகள். ஹாலிஸ் மேடையைச் சுற்றியிருக்கும் கயிற்றுக்கு மேலே எக்கி, முகம் சிவக்க, "உங்க ஒவ்வொருத்தர் தொட்டிலையும் உடைப்பேன்டா!" என்று கத்துவார். ஜனங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? திங்கட்கிழமை இரவு டிக்கெட் போட்டு மோதல் நடத்தும் பெரிய அரங்கத்தில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

டெல்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையிலிருந்து ஒருத்தன் திரும்பி, "இதெல்லாம் நம்ம டெல்பர்ட் வேலை, தெரியுமில்ல?" என்று பக்கத்துக்காரனிடம் சொல்ல, இவன் ஒன்றும் காதில் விழாத மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாலிஸ் அவன் கடைக்கு வந்தார்.

மனைவியோடு வந்திருந்தார். கடையில் வேறு இரண்டு மூன்று பேர் இருந்ததால் வாசலிலேயே முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டார். வில்லன் கடைவீதியிலும் வில்லனாகத்தான் இருக்கவேண்டும், அது அவர்கள் வழக்கம். ஒரு பையன் வாயைப் பிளந்து பார்க்க, "என்னடா பாக்கறே? மூஞ்சியப் பேத்துடுவேன்" என்றார். பையனின் அம்மா அவனை இழுத்துக்கொண்டு ஓடினாள். நாற்காலியில் உட்காரும்போது இடது கையால் வலது கையைத் தூக்கி, ஒரு பொட்டலத்தை வைப்பதுபோல் மடியில் வைத்துக்கொண்டார்.

"பத்தரை சைஸ். கயிறு இல்லாததா காட்டு" என்றார்.

டெல்பர்ட் மண்டியிட்டான். அவர் காலில் இருந்த ஷூவின் கயிறு அழகாக, பூ மாதிரி கட்டியிருந்தது. பெண் கை கட்டிய முடிச்சு என்று பார்த்ததுமே தெரிந்தது. பத்தொன்பது வருஷம் கயிறு கட்டியவனுக்கு அதுகூடத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தான். மடியில் கிடந்த அந்தக் கையின் விரல்கள் உள்பக்கம் சுருங்கி, முன்கை சூம்பிப்போய், வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஹாலிஸ் புது ஷூவில் கண்ணாடிப் பக்கம் நடந்து போனபோது அவர் மனைவி வெர்னா குனிந்து, டெல்பர்ட்டின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள். அந்த ஊரில் எத்தனை டெல்பர்ட் இருக்கப்போகிறார்கள்?

"கழுத்துல நரம்பு போயிடுச்சு. ஈஸ்டர்லேருந்து இப்படித்தான்" என்றாள் தணிந்த குரலில். கோபமே இல்லை அதில். "முதலாளிக்குத் தெரியாது. நீங்க ஷூக்காரர். ஷூவப் பத்தி மட்டும் பேசுவீங்கன்னு நெனைக்கறேன்."

"சரிங்க" என்றான் டெல்பர்ட்.

அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. ஏப்பம், ஆயா, அரை ஷூ. ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வந்து முகத்தில் அறைந்தது. நல்ல குத்துக்கும் மோசமான குத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்த மேதாவிக்குச் செத்த கைக்கும் உயிருள்ள கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முடமான ஒரு மனிதரைப் பார்த்துச் சிரிக்க ஊருக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறான். அதற்குப் பெருமைவேறு பட்டிருக்கிறான்.

புதன்கிழமை தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். வெர்னா சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் நெஞ்சில் இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? மன்னிப்புக் கேட்பது எப்படித் தப்பாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஹாலிஸின் வலது கை உண்மையிலேயே விளங்காமல் போய்விட்டது, என் கண்ணால் பார்த்தேன், அந்தக் கையோடுதான் அவர் வாராவாரம் நமக்காக மேடை ஏறுகிறார், நான் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன், தயவுசெய்து இனி அவரை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று எழுதினான். எழுதும்போது கண் கலங்கியது. தபாலில் போட்டுவிட்டு வந்து, இரண்டு நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் ஒரு பொம்மைகூட இல்லை.

ஹாலிஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக அந்த இடத்தில் காது கிழியும். இன்றைக்கு விளக்குகளின் ரீங்காரம் கேட்டது. அவர் நின்றார். யாரோ ஒருத்தர் மெதுவாகக் கைதட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். பிறகு எல்லாரும், மரியாதையாக, சவ அடக்க ஆராதனைக்கு வந்தவர்கள் மாதிரி.

ஹாலிஸ் மைக்கைப் பிடுங்கினார். "என்னங்கடா, பொம்மைக்கெல்லாம் காய்ச்சலா? இந்த ஊரு மாதிரி ஒரு கேடுகெட்ட ஊர நான் பாத்ததில்ல. இங்க பன்னிக்கும் பொம்பளைக்கும் வித்தியாசமே தெரியாது!"

மூன்று மாதத்துக்கு முன்பு அந்த ஒரு வாக்கியத்துக்குச் செருப்பு பறந்திருக்கும். மிஸ் ஈடித் தலையைச் சாய்த்து, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பாவம், வலியில பேசறார்" என்று டெல்பர்ட்டிடம் சொன்னாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வில்லனுக்குச் சோறு போடுவது ஊரின் வெறுப்பு. இவனை யாராவது உதைக்கமாட்டார்களா என்ற ஆத்திரத்தில்தான் ஜனம் திங்கட்கிழமை அரங்கத்துக்கு வருகிறது. பரிதாபப்பட்ட வில்லனை யார் உதைத்துப் பார்க்க வருவார்கள்? இந்தப் பாடத்தைப் பத்து வருஷமாக ஊருக்கே எடுத்தவன் டெல்பர்ட். திரை ஓரத்தில் மல்யுத்தத்தை நடத்தும் முதலாளி பிக்கெட், சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி, மேடையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் மடித்த இரண்டு தாள்கள் இருந்தன. ஓரத்தில் பின் அடித்த 'சனிக்கிழமை அபிப்பிராயம்'.

விளம்பர இடைவேளை வந்தது. கடைசி வரிசையிலிருந்து வெர்னா இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வில்லனின் மனைவி ஸ்டுடியோவுக்கு வரவேகூடாது. வந்தாலும் யாரென்று காட்டிக்கொள்ளக்கூடாது. அவள் மேடையைப் பார்த்தபடியே பேசினாள்.

"கை போனதும் அவ்வளவுதான்னு இருந்தோம். வேற வேல அவருக்கு என்ன தெரியும்? அப்பதான் நீங்க ஆயான்னு எழுதினீங்க. தெரியுமா, அன்னிக்கு அவர் உங்க தாள வச்சுக்கிட்டு சமையக்கட்டுல உக்காந்து சிரிச்சார். 'வெர்னா, பொழச்சோம்டீ, எனக்கு ஒரு வழி காட்டிட்டான் இந்தப் பய'ன்னார். குத்தவே வேணாம், கை மோசமா இருக்க இருக்க நல்லது. அந்த தொட்டில் வசனம் நான் எழுதிக் குடுத்தது."

டெல்பர்ட் வாயைத் திறந்தான். "நான் வந்து... மன்னிப்பு..."

"மன்னிப்பு எங்களுக்குன்னா வீட்டுக்கு வந்து கேட்டிருப்பீங்க" என்றாள் வெர்னா. "உங்களுக்குத் தூக்கம் வரல, அதுக்கு எழுதினீங்க. அவ்வளவுதான்."

சாட்டையால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் சொன்னது நிஜம்.

"பிக்கெட் இந்த மோதல் முடியறவரைக்கும் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். ஜனம் பழையபடி கத்தினா சரி. இல்லேன்னா இன்னியோட சரி."

மணி அடித்தது. எதிராளி, அழகான சுருட்டை முடிப் பையன், ஹாலிஸை அடிக்கவே தயங்கினான். ஹாலிஸ் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து மூலையில் சாத்தி, அந்தச் செத்த கையை இடது கையால் தூக்கிக் கீழே போட்டார். முதுகில் தட்டுகிற அதே குத்து. வேண்டுமென்றே இன்னும் கேவலமாகப் போட்டார். போட்டுவிட்டு ஜனங்கள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"ஆயா!" என்று கத்தினாள் வெர்னா.

ஒற்றைக் குரல். நூற்றைம்பது தலைகள் திரும்பின.

"ஏ ஆயா! கையில தெம்பில்லையா? வீட்டுக்குப் போய் தொட்டில ஆட்டுய்யா!" அவள் எழுந்து நின்றுவிட்டாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. "சீ, என்ன பொம்பள இவ" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

அவள் குனிந்து டெல்பர்ட்டைப் பார்த்தாள். "கத்துங்க. சும்மா உக்காந்திருந்தா? எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவர் நீங்கதானே?"

டெல்பர்ட் எழுந்தான். எல்லாருக்கும் அவனைத் தெரியும், எல்லாருடைய பையிலும் அவன் மன்னிப்பு இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு "ஆயா!" என்றான். மறுபடியும் இன்னும் உரக்க. வெர்னாவும் அவனுமாக, மாற்றி மாற்றி, ஒரு முடமான மனிதரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

மிஸ் ஈடித் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டெல்பர்ட்! வெக்கமா இல்ல ஒனக்கு?"

இருந்தது. உள்ளங்கால்வரை இருந்தது. அவன் நிறுத்தவில்லை.

மேடையில் ஹாலிஸின் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான், உடனே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, கயிற்றில் எக்கி, இடது முஷ்டியை டெல்பர்ட்டை நோக்கி ஆட்டினார். "யாருடா அது? ஷூக்காரனா? வாடா மேல! உன் தொட்டிலத்தான்டா மொதல்ல உடைப்பேன்!" அந்த ஒரே ஒரு ஆளுக்காகத் தன் முழு வித்தையையும் காட்டினார்.

ஜனங்களால் அதைப் பொறுக்க முடியவில்லை. நோயாளியை இப்படியா அவமானப்படுத்துவார்கள்? ஒருவர் எழுந்து கைதட்டினார். இன்னொருவர் எழுந்தார். பலகை பலகையாக எல்லாரும் எழுந்து நின்று, அந்த இரண்டு கேடுகெட்ட குரல்களும் கேட்காமல் போகும்படி, கை வலிக்க வலிக்கத் தட்டினார்கள். பெரிய மனதோடு, கண்ணீரோடு, விடாமல் தட்டினார்கள். டெல்பர்ட் கத்திக்கொண்டுதான் இருந்தான், அவன் காதுக்கே அது எட்டவில்லை. திரை ஓரத்தில் பிக்கெட் சுருட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஹாலிஸ் அதைப் பார்த்தார். உயர்த்திய முஷ்டியை மெல்லக் கீழே இறக்கினார்.